வேர் குத்தினவர்கள்: தீவகத்தின் சிவப்புக்கு ஒரு வரலாறு

கொஞ்ச நாளாக என்ர யூரியூப்பைத் திறந்தால் ஜின்செங் தோண்டுகிற வீடியோக்கள்தான் வந்து விழுகின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காட்டுக்குள் ஒருவர் தனியாக நடந்து போகிறார். கையில் சின்னதொரு களைகொத்தி. செப்ரெம்பரில் இலை மஞ்சளாகத் தொடங்கும், நடுவில் சிவப்புக் காய்க்கொத்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் செடியைக் கண்டுபிடிக்கிறார். வேரை முறியாமல் எடுத்து, அதன் கழுத்தில் இருக்கிற தழும்புகளை எண்ணுகிறார். வருசத்துக்கு ஒரு தழும்பு. வயது காணாத செடி என்றால் மண்ணை மூடிவிட்டுப் போய்விட வேண்டும். எடுத்த இடத்திலேயே அந்தச் சிவப்புக் காய்களை விரலால் புதைக்கிறார். காட்டு ஜின்செங் இருக்கிற மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் இதுக்கெல்லாம் சட்டம் உண்டு. பல இடங்களில் செப்ரெம்பர் 1க்கு முதல் தோண்ட முடியாது, 5 வயதுக்குக் குறைந்ததைத் தொட முடியாது. பார்க்க நல்ல வடிவாகத்தான் இருக்கு. காடு, அமைதி, பாட்டன் காட்டிக் கொடுத்த இடம், பேரன்.

காட்டில் தானாக முளைக்கிற ஒரு வேர், அதைத் தேடிப் போகிற ஆள், அதை வாங்கக் காத்திருக்கிற தூரத்துச் சந்தை. இந்த மூன்றும் சேர்ந்த கதை எங்கட தீவுகளிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கட கதையில் அந்த அமைதி கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஜின்செங்கையே கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்துவிடுவம். 1709இல் பியேர் ஜார்து என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் சீனப் பேரரசருக்காக நிலப்படம் வரையப் போன இடத்தில், கொரிய எல்லைக்குக் கிட்ட, இந்த வேரைக் காண்கிறார். 1711இல் அதைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார். 1709இல் பேரரசர் 10,000 தார்த்தாரியரை வேர் பொறுக்க அனுப்பினாராம். ஒவ்வொருவரும் நல்ல வேரில் 2 அவுன்ஸ் அரசருக்குச் சும்மா கொடுக்க வேண்டும், மிச்சத்தை நிறைக்கு நிறை வெள்ளிக்கு அரசரே வாங்குவார். இந்தச் செடி வேறெங்கும் இருந்தால் அது கனடாவாகத்தான் இருக்கும் என்றும் ஜார்து ஊகிக்கிறார். அதை வாசித்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் 1716இல் மொன்றியலுக்குப் பக்கத்தில், மோஹோக் மக்களின் ஊரில் தேடி, அதைக் கண்டும் பிடித்தார். பிறகு நடந்தது வியாபாரம். 1784இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலே கிட்டத்தட்ட 30 தொன் ஜின்செங்கோடுதான் போனது.

ஜார்துவின் கடிதம் அச்சான அதே தொகுதி வரிசையில், முப்பது வருசம் கழித்து, இன்னொரு பாதிரியாரின் கடிதம் வருகிறது. அவர் பெயர் கேர்து. சோழமண்டலக் கரையில் இருந்தவர். 1742 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தின் விசயம் ஜின்செங் இல்லை, துணி. இந்தியச் சீத்தைத் துணியில் இருக்கிற சிவப்பு எத்தனை தரம் தோய்த்தாலும் ஏன் போகுதில்லை என்று ஐரோப்பா மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளரிடம் கேட்டுக் கேட்டு அந்த இரகசியத்தை அவர் எழுதி அனுப்பினார். (இப்ப என்றால் இதுக்குப் பெயர் தொழில் உளவு. அப்ப அது பக்தி இலக்கியத்தோடு சேர்ந்து அச்சானது.) அந்த இரகசியத்தின் நடுவில் இருந்தது ஒரு வேர். அதன் தமிழ்ப் பெயரைத்தான் அவர் பிரெஞ்சு எழுத்தில் எழுதினார்: சாயவேர்.

அந்தச் சாயவேர் முளைத்த இடங்களில் ஒன்றுதான் எங்கட கரை.

சாயவேர்ச் செடியைக் காட்டினால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு முழ உயரம் கூட வராது. ஒடுங்கின இலை, கொத்தாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மிதித்துக்கொண்டு போனாலும் தெரியாது. கோப்பி, வெட்சி, நுணா எல்லாம் இருக்கிற அதே தாவரக் குடும்பம். சித்த வைத்தியத்தில் இதுக்கு இம்பூறல் என்று பெயர். இருமலுக்கும், இருமும்போது இரத்தம் வருகிற நோய்க்கும் கொடுப்பார்கள். மேலே இருக்கிறது ஒன்றுமில்லை, எல்லாம் கீழேதான். மெல்லிய, நீளமான, நேரே இறங்குகிற வேர். கடற்கரை மணலில் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போகும். தோண்டி எடுத்த வேர் சிவப்பாகக் கூட இருக்காது. மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த ஒரு நிறம். அதன் பட்டையில் அலிசரின் என்ற பொருள் இருக்கிறது. படிகாரம் ஊட்டின துணியோடு சேர்ந்தால்தான் அது சிவப்பாக மாறும்.

கேர்து எழுதின முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேரின் பெறுமதி அதில்தான் விளங்கும். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கறுப்புக் கோடு வர வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலைத் தூரிகையால் இழுப்பார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு இடித்த சாயவேரோடு முழுத் துணியையும் அவிப்பார்கள். சட்டியால் எடுக்கும்போது துணி முழுக்கச் சிவந்துதான் இருக்கும். ஆனால் ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் போட்டு அலசி, நாட்கணக்காக வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, படிகாரம் படாத இடமெல்லாம் திரும்ப வெள்ளையாகிவிடும். பட்ட இடம் மட்டும் நிற்கும். துணி நைந்தாலும் அந்த நிறம் போகாது. படிகாரம் தென்னாசியச் சந்தையில் எங்கும் கிடைக்கும். கடுக்காய் காட்டில் கிடைக்கும். வேர்தான் பிரச்சினை. எல்லா மண்ணிலும் ஒரே வேர் வராது.

மணலும் சிப்பித் தூளும் கலந்த கடலோர நிலத்து வேர்தான் நல்ல சிவப்புத் தரும் என்பது பழைய சாயக்காரரின் அனுபவம். ஆந்திரக் கரையில் நிசாம்பட்டினத்துக்குப் பக்கத்துத் தீவொன்றின் வேரை 17ஆம் நூற்றாண்டு ஆங்கில வணிகர் மெத்வோல்ட் தனியாகப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். இதில் அறிவியலும் இருக்கிறது. அலிசரினும் படிகாரமும் இறுகப் பிடிக்க நடுவில் கல்சியம் வேண்டும். சிப்பியும் முருகைக்கல்லும் நொறுங்கின மண்ணில் கல்சியத்துக்கு என்ன பஞ்சம்? நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வேலியே முருகைக்கல்லை அடுக்கித்தான் கட்டியிருப்பார்கள். இன்னொன்று, பயிரிட்ட வேரைவிடத் தானாக முளைத்த காட்டு வேர் கட்டையாக இருந்தாலும் அதில் சாயம் காற்பங்கு கூட என்று தாவரவியலாளர் றொக்ஸ்பேர்க் 1795 அளவில் எழுதினார். சோழமண்டலத்தில் சாயவேரைத் தோட்டம் போட்டு இரண்டு வருசம் காத்திருந்து தோண்டினார்கள். எங்கட பக்கத்தில் அது காட்டு வேர். விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும்.

குறிகட்டுவானில் நின்று பார்த்தால் இந்த வேர் உலகத்தின் வரைபடம் கண்முன்னே கிடக்கும். பின்னால் புங்குடுதீவு. அது ஒல்லாந்தருக்கு மிடில்பேர்க். எதிரே நயினாதீவு, அது ஹார்லெம். வடக்கே அனலைதீவு, றொட்டர்டாம். காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், அம்ஸ்ரர்டாம். வேலணை, ஊர்காவற்றுறை இருக்கிற தீவு லைடன். தெற்கே கடலுக்குள் தனியே கிடக்கிற நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பெயரெல்லாம் செத்துப்போச்சு, டெல்ஃப்ற் மட்டும் இப்பவும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கு. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கொம்பனி 1795 வரை இங்கே இருந்தது. யானை, பாக்கு, சங்கு, முத்து, பனஞ்சலாகை என்று இங்கே எதெல்லாம் காசாகுமோ அதையெல்லாம் கணக்கெழுதியது. அந்தக் கணக்கில் சாயவேரும் ஒன்று. மன்னார், வன்னிக் கரை, காரைதீவு, நெடுந்தீவு என்று வேர் கிடைக்கும் இடங்கள் பிரிக்கப்பட்டன. 1697இல் யாழ்ப்பாணக் கொம்மாந்தராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரோன் பதவி விட்டுப் போகும்போது எழுதிவைத்த நீண்ட குறிப்பில் சாயவேருக்கும் இடம் இருக்கிறது.

கொம்பனியின் ஏற்பாடு சீனப் பேரரசரின் ஏற்பாட்டுக்குத் தம்பி மாதிரி. வேர் கொம்பனியின் ஏகபோகம். கொம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும், கொம்பனி சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் கராம்பும் வாங்கக் கொம்பனிக்குக் காசைவிட அவசியமாகத் தேவைப்பட்டது இந்தியத் துணி. மலாய்க்காரனும் ஜாவாக்காரனும் கேட்ட துணி சிவப்புத் துணி. ஆக, நெடுந்தீவு மணலில் ஒருவன் குனிந்து எடுக்கிற வேருக்கும் அம்ஸ்ரர்டாம் சந்தையில் விற்கிற கராம்புக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. உலகமயமாதல் என்று நாங்கள் முதலாம் வருசத்தில் படித்ததெல்லாம் 1990களுக்குப் பிறகு வந்த சாமான் மாதிரித்தான் சொல்லித் தந்தார்கள்!

இனி யார் எடுத்தது என்ற கேள்வி.

இங்கேதான் ஜின்செங் வீடியோவும் எங்கட கதையும் பிரிகிற இடம். அப்பலாச்சியாவில் விரும்பினவன் போனான். சோளம் சரிவராத வருசத்தில் வேர் தோண்டிச் சப்பாத்து வாங்கினான். அவன் ஏழைதான், ஆனால் போகாமல் விடவும் அவனுக்கு முடியும். யாழ்ப்பாணத்தில் வேர் எடுப்பது ஒரு சாதியின் தலையில் வைக்கப்பட்ட வேலை. பழைய சாதி விபரங்களில் ‘வேர்குத்திப் பள்ளர்’ என்று ஒரு பெயர் வரும். தோண்டுதல் என்று சொல்லாமல் ‘குத்துதல்’ என்று சொன்னதிலேயே வேலையின் விதம் தெரிகிறது. மண்வெட்டியால் வெட்டினால் வேர் துண்டாகிப் போகும். கூரான ஒன்றால் செடியைச் சுற்றிக் குத்திக் குத்தி மண்ணை இளக்கித்தான் நீட்டு வேரை முழுசாக உருவ முடியும். ஒரு செடிக்கு ஒரு குனிவு. வேரோ நூல் மாதிரி மெல்லியது. காய்ந்தால் அதுக்கு நிறையே இருக்காது. ஒரு கட்டு வேருக்கு எத்தனை குனிவு என்று கணக்குப் பார்த்தால் முதுகு நோகும். மாரி மழையில் மண் இளகியிருக்கிறபோது ஒரு மாதிரி, கோடையில் மணல் இறுகிச் சுடுகிறபோது இன்னொரு மாதிரி.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் உழைப்பு எப்படி வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊழியம் என்று ஒன்று இருந்தது. வருசத்தில் 12 நாள் கூலியில்லாமல் கொம்பனிக்கு உழைக்க வேண்டும். தலைவரி வேறு. இதுக்கெல்லாம் கீழே அடிமை முறை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. அதில் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் குறித்தே எழுதியிருக்கிறது. காணிக்கும் சீதனத்துக்கும் தேசவழமையைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிற எங்கட ஆக்கள் அந்தப் பகுதியை வாசித்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தச் சட்டம் இருந்த சமூகத்தில் ‘வேர் குத்துகிறவர்’ என்பது தொழிலின் பெயராக மட்டும் இருந்திருக்க முடியாது. தகப்பன் குத்தினால் மகனும் குத்த வேண்டும். கொம்பனி இந்த ஏற்பாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சாதி ஒழுங்கை எடுத்துத் தன்ர கணக்குப் புத்தகத்தில் பதிந்துகொண்டது, அவ்வளவுதான். கொம்பனிக்கு வேர் வந்தது. ஊரில் ஒழுங்கும் குலையவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வசதி. குனிந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

போன வருசம் இதைப் பற்றிக் கொஞ்சம் விசாரிப்பம் என்று நானும் ஒரு சிநேகிதியும் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினோம். (வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற அந்தப் பாலத்துத் தெருவுக்காகவே ஒருக்கால் போகலாம். இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர், நடுவில் பஸ்.) இறங்குதுறையில் நயினை அம்மனிட்டப் போகிற சனம். அரைவாசிப் பேர் சிவப்புச் சேலை. எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. பெட்டிக்கடை அன்ரியிடம் “இஞ்சால சாயவேர் எண்டு ஒண்டு முந்திக் கிண்டினவையாம், கேள்விப்பட்டிருக்கிறியளோ?” என்று கேட்டம். “சாயமோ? புடவைக்குப் போடுற தூளோ பிள்ளை? அது யாழ்ப்பாணத்தில எடுக்கலாம்” என்றா. படகுக்குக் காத்திருந்த வயதான பரியாரியார் ஒருவர்தான் செடியைச் சொன்னவுடன் பிடித்தார். “அது இம்பூறல் எல்லோ. தரவைப் பக்கம் நிக்கும், மழைக்குப் பிறகு வா, காட்டுறன்.” வேரில் சிவப்பு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். யார் எடுத்தது என்று கேட்டபோதுதான் கதை நின்றது. “அதுக்கெண்டு ஆக்கள் இருந்தவை” என்றார். எந்த ஆக்கள் ஐயா என்று கேட்டம். கடலைப் பார்த்தார். “படகு வருது” என்றார். உண்மையாகவே படகு வந்ததுதான், அதையும் சொல்ல வேணும்.

அந்த “அதுக்கெண்டு ஆக்கள்” என்ற சொல்லைப் பிறகு நிறைய யோசித்தேன். யாழ்ப்பாணத்து வரலாற்றை நாங்கள் எழுதுகிற விதமே அந்த வசனத்துக்குள் இருக்கிறது. வேலை தெரியும், விளைச்சல் தெரியும், ஏற்றுமதி தெரியும். செய்தவர் யார் என்ற இடத்தில் எழுவாய் இல்லாத வசனம். ‘எடுக்கப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’, ‘ஈட்டப்பட்டது’. ஒல்லாந்த ஆவணம் எழுதினதும் அப்படித்தான், எங்கட பாடப்புத்தகம் எழுதினதும் அப்படித்தான்.

ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபோதும் வேர் வருமானத்தை அவர்கள் விடவில்லை. அரசாங்கத்தின் கையிலும் குத்தகைக்காரர் கையிலுமாக அது கொஞ்சக் காலம் ஓடியது. அவர்களுக்கு இன்னொரு ஆசையும் வந்தது: வேரையே நேராக இங்கிலாந்துக்கு ஏற்றினால் என்ன? அங்கே துணி ஆலைகள் வந்துகொண்டிருந்த காலம். ஐரோப்பாவில் சிவப்புக்கு மடர் என்ற வேரைப் பாவித்தார்கள். அதைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. 1798இல் இங்கிலாந்தின் வர்த்தகச் சபை சாயவேரை இறக்குமதி செய்யச் சொல்லித் தனியாகக் குறிப்பே வெளியிட்டது. ஆனால் சாய நிபுணர் பேன்குறொப்ற்றின் கைக்குக் கிடைத்த மாதிரி பழுதாகிப்போன வேர். மடரைவிட இது மட்டம் என்று அவர் முடிவு சொல்லிவிட்டார். ஆசை அத்தோடு சரி. மெல்லிய வேர், மாதக்கணக்கான கடல், கப்பலின் அடித்தட்டு ஈரம். நல்ல வேர் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. இங்கே இன்னும் எத்தனை முதுகுகள் வளைந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவுக்குப் பிறகு இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அடிமை முறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1844இல். கட்டாயம் போன பிறகு சந்தை விலைக்கு ஒருவன் நாள் முழுக்க வேர் குத்துவானா? எனக்கென்றால் பதில் தெளிவு. அந்த வேரின் மலிவு செடியில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது.

கடைசி அடி பேர்லினில் விழுந்தது. 1868இல் கார்ல் கிறேபே, கார்ல் லீபர்மன் என்ற இரண்டு இளம் வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அந்திரசீனைக் கொண்டு அலிசரினை ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். இயற்கைச் சாயம் ஒன்று தொகுத்துச் செய்யப்பட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வருசம் ஜூனில் அவர்களின் தரப்பு லண்டனில் காப்புரிமைக்கு மனுப்போட்டு ஒரு நாள் கழித்து இங்கிலாந்துக்காரர் பேர்க்கினும் அதே பொருளுக்கு மனுப்போட்டார். ஒரு நாள்! பிறகு ஜேர்மன் ஆலைகள் அதைத் தொன் கணக்கில் காய்ச்சின. பிரான்சில் மடர் பயிரிட்ட விவசாயிகள் பத்துப் பதினைந்து வருசத்துக்குள் கைவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் சாயத் தொழில் பற்றி எட்வின் ஹோல்டர் 1896இல் அரசாங்கத்துக்கு நூல் எழுதும்போது தகர டப்பாவில் வந்த அலிசரின் சாயவேரைத் தள்ளிவிட்டிருந்தது. வேரில் இருந்த மூலக்கூறும் டப்பாவில் இருந்த மூலக்கூறும் ஒன்றுதான். அதனால்தான் போட்டியே இல்லாமல் போனது.

இதை ‘எங்கட பாரம்பரியத் தொழிலை வெள்ளைக்காரன் அழிச்சான்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், லைக்கும் விழும். சோழமண்டலத்துச் சாயக்காரருக்கு அது உண்மை. கையில் தலைமுறை நுட்பம் இருந்தது, சோறும் அதில்தான் இருந்தது, இரண்டும் போனது. ஆனால் எங்கட தீவுகளில் வேர் குத்தினவரின் பேரனுக்கு அந்தத் தொழில் போனது இழப்பா, விடுதலையா? இரண்டும் என்று சொல்லித் தப்பலாம். நான் விடுதலைப் பக்கம்தான் நிற்பேன். பாரம்பரியம் என்ற சொல்லை அதைச் சுமந்தவரின் தோளிலிருந்து பார்க்க வேண்டும், உடுத்தவரின் இடுப்பிலிருந்து இல்லை.

இப்ப இயற்கைச் சாயத்துக்குத் திரும்ப மவுசு வந்திருக்கிறது. சாயவேரில் தோய்த்த கைத்தறிச் சேலை என்றால் பட்டணத்துக் கடைகளில் விலை கேட்கப் பயமாக இருக்கும். நல்லது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரசாயனச் சாயக் கழிவால் திருப்பூரில் நொய்யல் ஆறு என்னவானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சேலையோடு வருகிற சிறு அட்டையில் ‘காட்டில் கையால் சேகரித்த வேர்’ என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே வருகிற கேள்வி, யாரின் கை, நாளுக்கு எவ்வளவு சம்பளம் என்பதுதான். ஜின்செங்குக்குப் பருவமும் வயதும் வைத்துச் சட்டம் போட்டவர்கள் செடியைக் காப்பாற்ற நினைத்தார்கள். குத்துகிறவனுக்கு என்ன விலை என்று சட்டம் போட்டது அங்கேயும் குறைவு.

நெடுந்தீவுக்கு உல்லாசப் பயணிகள் போகிறார்கள். குதிரை பார்க்கிறார்கள், பெருக்கமரத்துக்குள் நின்று படம் எடுக்கிறார்கள், கோட்டையில் ஏறுகிறார்கள். குதிரை வந்த கதைக்கு ஆள் இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிறகு நோலன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி என்று வழிகாட்டிகள் வரிசையாகச் சொல்வார்கள். அந்தக் குதிரைகள் மேய்கிற அதே தரவையில்தான் வேரும் இருந்தது. வேர் எடுத்தவர்களுக்குக் கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை. இருப்பது ஒரு சாதிப் பெயர் மட்டும். அதையும் சொல்ல வாய் கூசுகிற அளவுக்கு நாங்கள் ஆக்கி வைத்திருக்கிறம்.

கொழும்பு சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக்கிலும் ஒல்லாந்தக் கொம்பனியின் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்பு ஏடுகளும் அந்தக் காலத்தவைதான். வரி வாங்குகிறவனுக்கு ஆளின் பெயர் தேவை, அதனால் பெயர் எழுதுவான். வரலாற்றாசிரியர் எழுதாத பெயரை வரிக்காரன் எழுதியிருப்பான் என்ற நம்பிக்கையில்தான் எனக்கு இறுதி வருட ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பழைய டச்சுக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த யாராவது இதை வாசித்தால், அல்லது தீவகத்தில் உங்கட வீட்டில் “அதுக்கெண்டு ஆக்கள்” பற்றிப் பேசக்கூடிய அப்பாச்சி, அம்மம்மா யாராவது இருந்தால், கீழே எழுதுங்கோ. மார்கழி மழை விட்டதும் அந்தப் பரியாரியாரிட்டத் திரும்பப் போவம் என்று சிநேகிதி சொல்லியிருக்கிறா. செடி எது என்று முதலில் கண்ணால் பார்க்க வேணும்.